பெரியப்பாவின் சேப்பாக்கம் டிக்கெட்

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் 'டை' ஆனது. 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. அந்த மேட்ச்சுக்கு தஞ்சாவூரிலிருந்து ராத்திரி ரயிலேறிப் போய் கவுன்டரில் கியூ நின்றவர் என் பெரியப்பா. கிழித்த டிக்கெட்டின் மிச்சம் இன்னும் அவர் டைரிக்குள் இருக்கிறது. எனக்கு அது ஒரு ஆவணம்.

2023 ஐபிஎல் வரை சேப்பாக்கத்தில் கவுன்டர் விற்பனை இருந்தது. 2024-ல் முழுக்க ஆன்லைன். மென்பொருள்காரனாக யோசித்தால் டெல்டாக்காரருக்கு இது லாபம்தான். டிக்கெட் வாங்க முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். ஆனால் பெரியப்பாவிடம் இருப்பது பட்டன் போன். ஆப், ஓடிபி எல்லாம் என் கையில்.

"அப்ப கால் கடுத்துச்சுடா, ஆனா யாரையும் கேக்கல. இப்ப உன்னைக் கேக்கணும்" என்றார்.

அடுத்த முறை டிக்கெட் கிடைத்தால் ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுக்கணும். டைரியில் வைக்க.