வேலையின் கடிகாரமும் உணவின் நேரமும்: மட்டக்களப்பு வாவிக் கரையை முன்வைத்து

உணவு நேரம் பற்றி இன்று தமிழில் பரவிவரும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே வகை மனிதரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. காலை எட்டரைக்குக் கதிரையில் அமர்ந்து, மாலை நாலரைக்கு எழுந்து, அதன்பின் உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகிறவர் அவர். பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு என்ற விதி அவருக்கு ஒருவேளை பொருந்தலாம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உடலால் உழைத்து வாழ்பவர்களுக்கு அது பொருந்தாது. முதலில் போதிய உணவு, அடுத்து அதில் போதிய புரதம், மூன்றாவதாகவே நேரம். அந்த நேரத்தையும் வேலையே தீர்மானிக்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

வாவிக்கு மேற்கே படுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பகுதிகளில் வேளாண்மை செய்பவர்கள் பொழுது புலருமுன் வயலுக்கு இறங்கி, வெயில் ஏறுமுன் பாதி வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். கிழக்கே எழுவான்கரை. அங்கே வாவியிலும் கடலிலும் வலை போடுபவர்களில் பலருக்கு இரவுதான் வேலை நேரம். நகரத்தில் பாடசாலையும் அலுவலகமும் முடிந்த பிறகு வெபர் மைதானத்துக்கும் கூடைப்பந்துத் திடல்களுக்கும் போகிற இளைஞர்களின் நாள் மாலையில்தான் சூடு பிடிக்கிறது. ஒரே பிரதேசத்தில் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன.

இரவு முழுவதும் உறங்கி எழும்போது ஈரலில் சேமித்திருந்த ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோசனில் பெரும்பகுதி செலவாகியிருக்கும். தசைகளில் உள்ள சேமிப்பு அதைவிடப் பல மடங்கு பெரியது. அது உறக்கத்தில் அதிகம் குறைவதில்லை. ஆகவே வெறும் வயிற்றில் அரை மணி நேரம் நடப்பதில் ஆரோக்கியமானவருக்குக் குறையொன்றும் இல்லை. நாலு மணி நேரம் வெயிலில் குனிந்து களை பிடுங்குவது வேறு கதை. அங்கே மாப்பொருளும் உப்பும் நீரும் முன்கூட்டியே உடலுக்குள் போயிருக்க வேண்டும்.

பழைய வயற்காரரின் காலை உணவான பழஞ்சோறு இதைச் சரியாகவே செய்தது. இரவு மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பார்கள். விடிந்ததும் அதைப் பிழிந்தெடுத்து, உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பால் அல்லது எருமைத் தயிர் விட்டு, முந்தின நாள் மீன் கறியின் கடைசித் துண்டுகளையும் சேர்த்துப் பிசைவார்கள். வீட்டில் மூத்த பெண் அதை உருண்டையாகத் திரட்டி ஆளாளுக்குக் கையில் வைப்பாள். மிஞ்சிய பழந்தண்ணியைக் குடித்துவிட்டு வரம்பில் இறங்கினால் பத்து, பத்தரை வரை உடல் தாங்கும். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே உள்ளே போவதால், வியர்வையில் இழக்கப்போவதில் ஒரு பங்கு முன்கூட்டியே ஈடாகிவிடுகிறது.

சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியின் மாணவர் சுதைர் ஜேம்ஸ், தம் ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவின் வழிகாட்டலில், 38 அரிசி வகைகளை ஆராய்ந்தார். தேங்காயெண்ணெய் சேர்த்துச் சமைத்து 12 மணி நேரம் குளிரவைத்தால் இப்பகுதி கூடும் என்று 2015இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அந்த முடிவைக் கொண்டு 'சோற்றின் கலோரி பாதியாகிவிடும்' என்று செய்தித்தாள்கள் எழுதியது மிகை. மனிதர் உண்டு பார்த்த சோதனையின் முடிவு அல்ல அது. குருதியில் குளுக்கோசு சற்று மெதுவாக ஏறக்கூடும் என்ற அளவுக்கு மட்டும் அதை ஏற்கலாம்.

பழஞ்சோற்றின் உண்மையான பலவீனம் புரதம். 300 கிராம் சோற்றில் எட்டுக் கிராம் அளவில்தான் புரதம் உண்டு. கடினமாக உழைக்கும் அல்லது பயிற்சி செய்யும் ஒருவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பது விளையாட்டுப் போசணைத் துறையில் ஏற்கப்பட்ட கணக்கு; 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 கிராம். அதை மூன்று நாலு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 18 முதல் 24 கிராம் வரும். மீன் துண்டும் தயிரும் சேர்ந்த பழஞ்சோறு இதை எட்டிவிடும். அவை இல்லாத பழஞ்சோறு பசியை மட்டுமே ஆற்றும். இன்று பல வீடுகளில் அந்த இடத்துக்கு வந்திருக்கும் சீனி போட்ட பிளேன்டீயும் பணிசும் அதைக்கூட நெடுநேரம் செய்வதில்லை. காலையில் இழந்ததை இரவு ஒன்பதரைக்குக் குவித்த சோற்றால் ஈடுகட்டும் பழக்கமே இங்கு திருத்த வேண்டிய முதல் விடயம் என்பேன்.

இரவுச் சோற்றைப் பற்றிய கவலைக்கு உடலியல் ஆதாரம் உண்டு. உடலின் உட்கடிகாரத்தை இயக்கும் மூலக்கூறுகளைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் பொஸ்ரனில் நடந்த ஆய்வொன்றில், ஒரே உணவைக் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் கொடுத்தபோது இரவில் குருதிக் குளுக்கோசு 17 வீதம் கூடுதலாக இருந்தது. 2021இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இரவு வேலையைச் செயற்கையாக அமைத்துப் பார்த்தது. இரவிலும் உண்டவர்களுக்குக் குளுக்கோசு கட்டுப்பாடு கெட்டது. பகலில் மட்டும் உண்டவர்களுக்குக் கெடவில்லை.

இதை அப்படியே மீனவருக்குச் சட்டமாக்கக் கூடாது. ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள் அறைக்குள் அடங்கியிருந்தார்கள். தோணி வலிப்பவரின் தசை குளுக்கோசைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆகவே என் பரிந்துரை நடுவழி: தொழிலுக்குப் போகுமுன் மாலையில் மீனோ முட்டையோ பருப்போ சேர்த்த முழுச் சாப்பாடு, நடுச்சாமத்தில் தண்ணீர், சீனி குறைந்த தேநீர், பசித்தால் ஒரு பிடி கச்சான், கரை சேர்ந்தபின் காலையில் ஒரு நல்ல சாப்பாடு, பிறகு உறக்கம்.

எட்டு மணி நேர விதி எடையைக் குறைக்கிறதே என்று கேட்கலாம். 2022இல் குவாங்சௌ நகரில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு இதற்கு விடை தந்தது. இரு குழுவும் ஒரே அளவு கலோரியைக் குறைத்தபோது, காலை எட்டு முதல் மாலை நாலு வரை மட்டும் உண்ட குழு கூடுதலாக எதையும் பெறவில்லை. 'பயிற்சி முடிந்த அரை மணிக்குள் புரதம்' என்ற நம்பிக்கையும் 2013இல் வந்த தொகுப்பாய்வில் தளர்ந்தது. நாளின் மொத்தப் புரதமே பெரிதும் கணக்கில் வருகிறது. வெபர் மைதானத்தில் ஆடிவிட்டு வரும் இளைஞர் பொதியில் விற்கும் புரத மாவுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. வீட்டுக்குப் போய்ப் புட்டும் மீன் கறியும் உண்டால் போதும். ஒரே நாளில் காலையும் மாலையும் ஆடுபவர் மட்டும் முதல் ஆட்டம் முடிந்ததும் தாமதிக்காமல் உண்ண வேண்டும். இரண்டு மணி நேரம் பிந்தினாலே தசையில் கிளைக்கோசன் நிரம்பும் வேகம் குறைந்துவிடும்.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு மாதம் நாலாவது கடிகாரம். அரிசி, தேங்காய்ப்பால், இறைச்சி, வெந்தயம் சேர்ந்த நோன்புக் கஞ்சி நீரையும் உப்பையும் மாப்பொருளையும் ஒரே கோப்பையில் தருகிறது. கடும் பயிற்சியை நோன்பு துறந்த பிறகு வைத்துக்கொண்டு, விடியுமுன் உண்ணும் சஹர் உணவில் முட்டையோ தயிரோ கட்டாயம் சேர்ப்பது நல்லது.

நேரம் பார்த்து உண்பது வசதியானவர்களின் பேச்சு என்ற மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் தட்டில் என்ன இருக்கிறது என்பதே கேள்வியாக இருந்தது. ஆனால் இரவு மீனில் ஒரு துண்டைக் காலைக்கு எடுத்துவைக்கப் பணம் வேண்டாம். வேண்டியது வீட்டுக்குள் ஒரு மாற்றம். வயல் வேலைக்குப் போகும் பெண்ணே சமைத்து, எல்லோருக்கும் கொடுத்து, மிஞ்சியதைக் கடைசியில் உண்கிறாள். பல நாட்களில் அந்தத் துண்டு அவளுக்கு வருவதில்லை. அவளுடைய உடலும் உழைக்கும் உடல்தான் என்பதைச் சுகாதாரக் கல்வி பெயர் சொல்லிப் பேச வேண்டும்.

இவற்றையெல்லாம் உறுதிப்படுத்த இப்பகுதியின் சொந்தத் தரவு வேண்டும். இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2005–2006 ஆய்வு ஏழு மாகாணங்களில் மட்டுமே நடந்தது. போரினால் வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. வயற்காரர், இரவு மீனவர், களை பிடுங்கும் பெண்கள், மாலை விளையாட்டு வீரர் ஆகியோரின் உணவு நேரத்தையும் குருதிக் குளுக்கோசையும் ஒரு மாரிப் போகம் முழுவதும் அளந்து பதிவுசெய்யும் பணியை அப்பீடம் கையில் எடுக்க வேண்டும்.