ஈரலும் இலையும்: இப்னு சீனா வைத்த ஒரு நிபந்தனை

எங்கள் ஊரில் வேலியோரத்தில் ஊதாப் பூவோடு நிற்கும் சிறு செடி ஹீன் போவிட்டியா. செங்கண்மாரி கண்டால் அதன் இலையை அவித்துக் குடிப்பது சிங்களவர், முஸ்லிம்கள் இருசாராருக்கும் வழக்கம். எங்கள் உம்மம்மாவும் அவித்துத் தந்திருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், காசநோய்க்குக் குளிசை எடுத்துவந்த தம்பிக்குக் கண் மஞ்சளித்தது. "இலையை அவிச்சிக் குடிக்கட்டும் மகன், குளிசையையும் வுடவாணாம்" என்றார் சாச்சி. எனக்கும் அது சரியென்றே பட்டது. நாலு நாள் அப்படியே போனது. அவன் சத்தியெடுக்கத் தொடங்கிய பிறகுதான் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். ஈரலைக் கெடுத்தது நோயல்ல, குளிசைதான் என்றார் வைத்தியர். எல்லாக் குளிசையையும் நிறுத்தி, இரத்தப் பரிசோதனை சீரான பின் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கினார். அல்ஹம்துலில்லாஹ், தம்பி தப்பினான்.

அதன் பிறகே தேடிப் படித்தேன். இலைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. பரசிற்றமோல் அளவு மீறினால் அதன் ஒரு பகுதி ஈரலில் நஞ்சாக மாறும். அந்த நஞ்சை அடக்கும் குளுற்றத்தயோன் தீர்ந்ததும் ஈரற்கலங்கள் சாகும். ஹீன் போவிட்டியா இலைச்சாறு கொடுத்த எலிகளில் இந்தச் சேதம் குறைந்ததை இலங்கை, லண்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து 1995இல் வெளியிட்டார்கள். ஆனால், அந்தச் சோதனை எலியில் நடந்தது. மருந்தும் பரசிற்றமோல், தம்பி விழுங்கியதோ காசநோய்க் குளிசை.

இந்த இடத்தில்தான் இப்னு சீனா நினைவுக்கு வருகிறார். ஏறத்தாழ 1025இல் முடித்த 'அல்-கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில், மருந்தைச் சோதிக்கச் சில நிபந்தனைகளை வகுத்தார். சோதனை மனித உடலில் நடக்க வேண்டும், சிங்கத்திலோ குதிரையிலோ கண்டது மனிதனுக்கும் பொருந்தும் என்றில்லை என்பது அவற்றில் ஒன்று. மருந்தின் பலன் எப்போதும், அல்லது பெரும்பாலும், திரும்பத் திரும்பத் தென்பட வேண்டும் என்பது இன்னொன்று.

பரசிற்றமோல் நஞ்சுக்கு மாற்றாக இன்று ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் அசற்றைல்சிஸ்ரீன் மனிதரில் சோதிக்கப்பட்ட மருந்து. 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் ஈரல் பெரும்பாலும் தப்பும். நான் படித்த இலைச் சோதனையோ எலியோடு நின்றுவிட்டது.

மேடைகளில் இப்னு சீனாவின் பெயரைப் பெருமையோடு சொல்கிறோம். அவர் வைத்த நிபந்தனையை அடுப்படிவரை கொண்டுவரவில்லை. அந்த நாலு நாளும் நானும் மறந்துதான் இருந்தேன்.

இலையை நான் பழிக்கவில்லை. உம்மம்மாவின் கைவைத்தியம் பழைய செங்கண்மாரிக்கு வந்தது. குளிசை தரும் செங்கண்மாரி அவர் காணாத நோய். குளிசை எடுக்கும் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் முதலில் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். இலை குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.