மெயின் ஃபியூஸும் சப்ளை ஃபியூஸும்

பல ஆம்ப்ளிஃபையர்களில் ஃபியூஸ் இரண்டு இடங்களில் இருக்கும். 230 வோல்ட் உள்ளே நுழையும் வழியில் ஒன்று; அது மெயின் ஃபியூஸ். டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஃபில்டர் கெப்பாசிட்டர் எல்லாம் தாண்டி, ஆடியோ போர்டுக்கு டிசி போகும் பிளஸ், மைனஸ் லைன்களில் லைனுக்கு ஒன்று; இவை சப்ளை ஃபியூஸ்கள். பார்வைக்கு எல்லாம் 5×20 மி.மீ. கண்ணாடிக் குழாய்தான். ஆனால் எது போயிருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

மெயின் ஃபியூஸ் போனால் செட்டில் பைலட் விளக்குகூட எரியாது. சப்ளை ஃபியூஸ் போனால் விளக்கு எரியும்; சானல் ஊமையாகும், அல்லது பாட்டு உடைந்து கரகரக்கும்.

இரண்டின் வேகமும் வேறுபடலாம். டொராய்டு டிரான்ஸ்பார்மர் சுவிட்ச் போட்ட கணத்தில் வழக்கமான கரன்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள மெயினில் T எழுத்துள்ள மெதுவான ஃபியூஸ் வேண்டும். அங்கே F எழுத்துள்ள வேகமானதைப் போட்டால், பழுதே இல்லாத செட்டிலும் அது போய்க்கொண்டே இருக்கும். சப்ளை லைனில் செட்டைப் பொறுத்து F-உம் வரும், T-உம் வரும்.

காரணமும் இடத்துக்கு இடம் மாறும். மெயின் ஃபியூஸ் போனால் முதல் சந்தேகம் ஷார்ட் ஆன ரெக்டிஃபையர் டயோடு, அடுத்து கெப்பாசிட்டர், டிரான்ஸ்பார்மர். சப்ளை ஃபியூஸ் போனால் 2N3055, 2SC5200 போன்ற அவுட்புட் டிரான்சிஸ்டர்களைப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் வயர்கள் ஒன்றோடொன்று தொட்டிருந்தாலும் இதே கதைதான். எந்த இடமானாலும், கண்ணாடி கறுத்தோ வெள்ளி பூசியதுபோலவோ இருந்தால் முழு ஷார்ட்டைச் சந்தேகிக்கலாம். கம்பி மட்டும் நடுவில் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், சற்றே கூடுதலான கரன்ட் கொஞ்ச நேரம் ஓடியிருக்கலாம்.

சோதனையில் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, சப்ளை ஃபியூஸ்களைக் கழற்ற வேண்டும். மெயினில் சரியான ஃபியூஸைப் போட்டு, 100 வாட் குண்டு பல்பு உள்ள சீரிஸ் போர்டில் செட்டைச் செருக வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் பவர் சப்ளை பிழைத்தது; பழுது ஆடியோ போர்டில். மங்காமல் எரிந்தால் ஷார்ட் பவர் சப்ளையிலேயே.

ஆபத்திலும் வேறுபாடு உண்டு. மெயின் ஃபியூஸ் இருப்பது தீப்பிடிக்காமல் காக்க. அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர் வீட்டையே பணயம் வைக்கிறார். சப்ளை ஃபியூஸில் ஆபத்து வேறு மாதிரி: பிளஸ் போய் மைனஸ் மட்டும் நின்றால், அவுட்புட்டில் டிசி ஏறி ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் கருகிவிடலாம். எனவே ஸ்பீக்கரைக் கழற்றிவைத்து, அவுட்புட்டில் டிசி சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மறுபடி இணைக்க வேண்டும்.

ஃபியூஸ் மாற்றுவது மட்டுமே பழுது பார்த்ததாகாது. மெயின் ஃபியூஸ் விஷயத்தில் ஆம்பியரிலும் எழுத்திலும் துளிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது. சப்ளை ஃபியூஸ் அதற்கும் மேல் பொறுமை கேட்கும்: அதைக் கொன்ற டிரான்சிஸ்டரைக் கண்டுபிடிக்காமல் புதிதாக ஒன்றைச் செருகினால் அதுவும் போகும், அதோடு ஸ்பீக்கரும் போகலாம்.