கசிவை அடைத்த கதை: இயங்கும் மாதிரிப் பொறிகளும் மலையகத்துச் சிரிஞ்சுப் பெக்கோவும்

இலங்கை மலையகப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தால், ஏதாவது ஒரு மேசையில் சிரிஞ்சுப் பெக்கோ நிற்கும். மட்டையிலோ மெல்லிய பலகையிலோ வெட்டிய கை, அதில் மூன்று மூட்டு, மூட்டுக்கொரு சிரிஞ்சு. ஒவ்வொரு சிரிஞ்சிலிருந்தும் ஒரு சேலைன் குழாய் புறப்பட்டு, பிள்ளையின் கையிலுள்ள இன்னொரு சிரிஞ்சில் போய் முடியும். உள்ளே நீலம் கரைத்த தண்ணீர். தமிழகத்தில் ஜேசிபி என்று சொல்லும் இயந்திரத்துக்கு இங்கே பெக்கோ என்று பெயர். பொகவந்தலாவையில் மண்சரிந்து பாதை அடைபட்டாலும், லயம் என்னும் வரிசைவீட்டுக்குப் பதிலாகத் தனிவீடு கட்ட மலைச்சரிவை வெட்டினாலும் வந்து நிற்பது அதுதான். பிள்ளைகள் அதைச் செய்து பார்ப்பதில் வியப்பில்லை.

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் இன்டர்மொடல்பாவ் கண்காட்சியில் இதே இயந்திரத்தின் வேறொரு உருவத்தைக் காணலாம். பதினான்கில் ஒரு பங்கு அளவிலான எக்ஸ்கவேட்டர்கள் அங்கே உண்மை மண்ணைத் தோண்டி, வானொலியால் இயங்கும் மாதிரி லொறிகளில் கொட்டுகின்றன. எண்ணெய்ப் பம்பு, வால்வு, எஃகு உருளை எல்லாம் உள்ளே உண்டு. இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் இரு கட்டங்களாகப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த வரலாற்றை வானொலியின் வரலாறாகச் சொல்வதே வழக்கம். ஆனால் அதன் போக்கைத் தீர்மானித்தது கசிவை அடைக்கும் வொஷர்தான் என்று நான் கருதுகிறேன்.

சிறுதேரும் டின் லொறியும்

பெரியவர் ஏறும் வண்டியைச் சிறிதாக்கி உருட்டும் ஆசை தமிழில் மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் பிள்ளைகள் குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டுகிறார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவத்துக்குச் சிறுதேர் என்றே பெயர். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் டின் லொறியும் இந்த மரபில் வந்ததே. மீன் டின்னே உடல், தேய்ந்த ரப்பர்ச் செருப்பில் வட்டமாக வெட்டியவை சக்கரம், ஒடிந்த குடைக்கம்பி அச்சு. மழைக்குப் பேர்போன மலையகத்தில் குடைக்கம்பிக்கு என்றும் பஞ்சமில்லை. நீண்ட தடியின் நுனியில் கம்பியை வளைத்து ஸ்டியரிங் வைத்துவிட்டால் கொழுந்து லொறி புறப்பட்டுவிடும்.

இந்த லொறி உண்மை லொறியின் உருவத்தையும் ஓட்டத்தையும் எடுத்துக்கொண்டது. அது வேலை செய்யும் முறையை எடுக்கவில்லை. பெட்டியைச் சாய்க்க நூலைக் கட்டி இழுத்தார்கள். உலகின் மற்ற இடங்களிலும் மாதிரிப் பொறிகள் நெடுங்காலம் இந்த நிலையில்தான் இருந்தன.

வானொலி முந்தியது

தூரத்திலிருந்து இயக்கும் கலை வியக்கத்தக்க வேகத்தில் வந்துசேர்ந்தது. 1898ல் நியூயோர்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகை வானொலி அலையால் திருப்பிக் காட்டினார். அதற்கான காப்புரிமையும் அதே ஆண்டு கிடைத்தது. 1937ல் வோல்டர் குட், வில்லியம் குட் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் மாதிரி விமானமொன்றை வானொலியால் பறக்கவிட்டார்கள். டிரான்சிஸ்டர் வந்தபின் 1960களில், பிடியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே அப்பக்கமும் நகரும் முறை கைகூடியது. ஜப்பானின் ஷிசுவோகாவில் மரவணிகத்தில் தொடங்கிய டாமியா நிறுவனம் 1976ல் வானொலியால் ஓடும் போர்ஷே காரைக் கடைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அது வெளியிட்ட லொறிகளால் பதினான்கில் ஒன்று என்ற அளவு உலகெங்கும் நிலைத்தது.

இவ்வளவு ஆனபிறகும் மாதிரி எக்ஸ்கவேட்டரின் கையைத் தூக்கியது கயிறு, இல்லையேல் மோட்டாரால் சுழலும் திருகுத்தண்டு. கட்டளை காற்றில் வந்துசேர்ந்தது. அதை நிறைவேற்றும் தசைதான் இல்லை. அந்தத் தசை எண்ணெய் அமுக்கம், அதாவது ஹைட்ரோலிக்.

தோல் வொஷர்

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்பதை பிளேஸ் பாஸ்கல் எழுதிவைத்தார்; அவர் மறைந்து ஓராண்டு கழித்து, 1663ல் அது நூலாக வந்தது. அதைக்கொண்டு இயங்கும் அழுத்தப்பொறிக்கு ஜோசப் பிரமா காப்புரிமை பெற்றது 1795ல். விதிக்கும் பொறிக்கும் இடையே 130 ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. பிரமாவுக்கும் பெருந்தடையாக இருந்தது பிஸ்டன் ஓரத்துக் கசிவு. அவர் பட்டறையில் வேலை செய்த ஹென்றி மோட்ஸ்லிதான் கிண்ணம்போல் வளைத்த தோலை அங்கே வைத்தார் என்று பொறியியல் வரலாறு சொல்கிறது. அமுக்கம் கூடக்கூடத் தோலின் விளிம்பு விரிந்து சுவரை இறுக்கிப் பிடிக்கும். கசியப் பார்க்கும் தண்ணீரே கசிவை அடைக்கிறது.

இந்தத் தோல் கிண்ணத்தை மலையகம் நன்றாக அறியும். காமன் கூத்து இரவுகளில் விடியவிடிய எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் பம்பிலும், சைக்கிள் பம்பிலும் இருந்தது அதுதான். தோல் காய்ந்துவிட்டால் பம்பு காற்றுப் பிடிக்காது. கழற்றித் தேங்காயெண்ணெய் தடவி ஊறவைப்பார்கள். அந்தக் கைகளுக்குப் பிரமாவின் சிக்கலும் தெரியும், மோட்ஸ்லியின் தீர்வும் தெரியும், பெயர்கள்தான் தெரியாது.

அடுத்த பாய்ச்சலும் வொஷரில்தான் நிகழ்ந்தது. டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன், பள்ளத்தில் பதியும் ரப்பர் வளையமொன்றுக்கு 1939ல் காப்புரிமை பெற்றார். இன்று எந்த மெக்கானிக்கும் ஓ-ரிங் என்று சொல்வது இதைத்தான். இரண்டாம் உலகப்போரின் விமானங்களில் இது பரவியது. போருக்குப்பின் சில ஆண்டுகளுக்குள் மண்வெட்டும் பொறிகள் கயிற்றைக் கைவிடத் தொடங்கின. இத்தாலியில் புரூனேரி சகோதரர்கள் 1948ல் ஹைட்ரோலிக் எக்ஸ்கவேட்டரின் முன்மாதிரியொன்றைச் செய்தார்கள். பிரான்சில் பொக்லேன் 1951லும், ஜெர்மனியில் டெமாக் 1954லும் ஹைட்ரோலிக் எக்ஸ்கவேட்டர்களை வெளியிட்டன. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் 1953ல் தம் முதல் பெக்கோவைச் செய்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளே ஜேசிபி. பொகவந்தலாவையிலிருந்து இறங்கும் கெசல்கமு ஓயாவை மறித்த காசல்ரீ அணை 1965ல் முடிந்தது, மவுசாகலை அணை 1969ல். பெரும் பொறிகள் இந்தப் பள்ளத்தாக்குகளில் உறுமியது அந்த ஆண்டுகளில்.

சிறிதாக்கும் கணக்கு

உண்மை இயந்திரத்தில் வெற்றிபெற்றதை ஏன் உடனே சிறிதாக்க முடியவில்லை? கணக்கைப் போட்டுப் பார்த்தால் முதலில் நம்பிக்கைதான் வருகிறது. 20 தொன் எக்ஸ்கவேட்டரைப் பதினான்கில் ஒன்றாக்கினால் நீளம் 14 மடங்கு குறையும்; எடை 14இன் முப்படியான 2,744 மடங்கு குறைந்து ஏழே கால் கிலோவாகும். பிஸ்டனின் பரப்போ 196 மடங்குதான் குறைகிறது. எடை பரப்பைவிட 14 மடங்கு அதிகமாகக் குறைந்துவிட்டதால், அமுக்கமும் 14இல் ஒரு பங்கு இருந்தால் போதும். பெரிய பொறியில் 350 பார் என்றால் மாதிரியில் 25 பார். இன்றைய மாதிரி ஹைட்ரோலிக் பம்புகள் வேலை செய்வது ஏறத்தாழ இந்த அளவில்தான். இயற்கை இந்த இடத்தில் சிறியவர் பக்கம் நிற்கிறது.

கசிவில் கட்சி மாறிவிடுகிறது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது கடைசல் பொறியின் நுட்பம். உருளை சிறுத்துவிட்டது என்பதற்காக அதுவும் கூடவே சிறுக்காது. கசிவு இடைவெளியின் முப்படிக்கு ஏற்ப ஏறும். இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்கு. பெரிய உருளையில் பொருட்படுத்தத் தேவையற்ற கசிவு, விரல் தடிமன் உருளையில் கையைத் தொங்கவிட்டுவிடும். அதனால்தான் மாதிரி ஹைட்ரோலிக் வானொலிக்கு வெகுகாலம் பின்தங்கியது. மிகச் சிறிய ஓ-ரிங்குகளும் நுட்பமான கடைசலும் எளிதில் கிடைத்தபின்னரே, ஜெர்மனியின் சிறுபட்டறைகள் உருளை, பம்பு, வால்வு எல்லாவற்றையும் விரலளவில் செய்து விற்றன. வால்வைத் திறக்க சேர்வோ மோட்டார், பம்பைச் சுற்ற மின்மோட்டார், கட்டளைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வானொலி என்று மீதியெல்லாம் அந்த வொஷரைச் சுற்றி வந்து சேர்ந்தன.

லயத்திலிருந்து கண்காட்சி மேசைக்கு

தோட்டத் தொழிற்சாலையில் கடைசல் பொறி இருந்தது, பிட்டரும் இருந்தார். பம்பு, பெல்ட், ரோலர் எல்லாம் அவர் கையில் ஓடின. ஆனால் அந்தப் பட்டறைக்கும் லயத்துப் பிள்ளைக்கும் நடுவே பெரும் மதில் இருந்தது. தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஓரறையில் கீழ்வகுப்புகள் மட்டும் நடந்த இடம். விஞ்ஞானம் என்ற பாடமே அங்கே எட்டவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் பாடசாலைகளும் அரசின்கீழ் வந்தபின்தான் நிலை அசைந்தது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஜெர்மன் உதவியோடு உருவாகி, 1990களிலிருந்து மலையகத்துக்குப் பயிற்சிபெற்ற தமிழ் ஆசிரியர்களைத் தந்தது. அந்த உதவி மாதிரிப் பொறிகளுக்காக வந்ததல்ல. ஆனாலும் ஹைட்ரோலிக் மாதிரிகளைச் செதுக்கிய நாடே மலையக வகுப்பறையிலும் கை வைத்திருக்கிறது என்பதை இந்த வரலாற்றை எழுதுகிறவன் குறிக்காமல் விட முடியாது.

பாஸ்கலின் விதி பாடமாக வந்தபோது, அதைச் செய்துகாட்டும் கருவி மருந்தகத்தில் சில ரூபாய்க்குக் கிடைத்தது. பிளாஸ்டிக் சிரிஞ்சின் கறுப்பு ரப்பர் நுனியைக் கழற்றிப் பாருங்கள்: ஓரத்தில் விளிம்புகள் புடைத்திருக்கும். மோட்ஸ்லியின் தோல் செய்த வேலையை அந்த விளிம்புகள் செய்கின்றன. கடைசல் பொறியோ ஜெர்மன் பட்டறையோ இல்லாமல், இருநூறாண்டுச் சிக்கலின் தீர்வு பிள்ளையின் கையில் ஆயத்தமாக விழுந்தது. நூலால் பெட்டி தூக்கிய டின் லொறிக்கும் இந்தப் பெக்கோவுக்கும் உள்ள தூரம், கயிற்று எக்ஸ்கவேட்டருக்கும் பொக்லேனுக்கும் உள்ள தூரத்துக்குச் சமமானது.

அதன் எல்லையும் எண்ணில் தெரிகிறது. 10 மில்லிலீற்றர் சிரிஞ்சின் வாய் ஏறத்தாழ ஒன்றே முக்கால் சதுர சென்ரிமீற்றர். பெருவிரல் ஐந்து கிலோ அழுத்தினால் மூன்று பாருக்குச் சற்றுக் குறைவான அமுக்கம் எழும். 25 பார் வேண்டுமென்றால் 44 கிலோ அழுத்த வேண்டும். அதற்கு முன்பே குழாய் கழன்றுவிடும். மட்டையால் செய்த கை எடையற்றது என்பதால் இந்தப் பெக்கோ பிழைக்கிறது. 5 மில்லிலீற்றரால் 20 மில்லிலீற்றரைத் தள்ளினால் விசை இரண்டரை மடங்காகும், நகர்வு அதே அளவுக்குக் குறையும். இதைச் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடிக்கும் பிள்ளைகள் உண்டு. தண்ணீருக்குப் பதில் தையல்மெஷின் எண்ணெய் விட்டால் ரப்பர் ஊதிச் சிக்கிக்கொள்ளும். தள்ளும்போது உள்ள வலு இழுக்கும்போது இராது, ஏனென்றால் இழுவைக்குத் துணை வளிமண்டல அமுக்கம் மட்டுமே. 1,200 மீற்றருக்கு மேலுள்ள பொகவந்தலாவையில் அதுவும் கடற்கரையைவிட எட்டிலொரு பங்கு குறைவு. கொழும்பில் செய்த பெக்கோ இங்கே வந்தால் இழுக்கும்போது சற்றுச் சோர்ந்திருக்கும்.

வானொலியை இதனோடு சேர்ப்பது இப்போது கடினமல்ல. பழைய டிவிடி பிளேயரிலும் பிரிண்டரிலும் சிறு மோட்டார்கள் இருக்கின்றன. அவற்றோடு பற்சக்கரமும் திருகுத்தண்டும் சேர்த்துச் சிரிஞ்சைத் தள்ளவைத்தால், விலையுயர்ந்த வால்வு இல்லாமலே தூரத்திலிருந்து பெக்கோ நகரும். பொம்மைக் காரின் ரிமோட் பலகையே கட்டளைக்குப் போதும்.

ஆனால் அப்படிச் செய்யும்போது ஒன்று தொலைந்துபோகும். 2014 ஒக்டோபர் 29ந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பெக்கோக்கள் சேற்றில் மெல்ல மெல்லவே இறங்க வேண்டியிருந்தது. அடியில் மனிதர் இருக்கலாம். அப்படிப்பட்ட வேலையில் ஓட்டுநர் எஞ்சினின் ஒலியையும் கையின் தயக்கத்தையும் வைத்தே மண்ணை வாசிக்க வேண்டும். டோர்ட்முண்டின் மாதிரியில் அந்தச் செய்தி வால்வோடு நின்றுவிடுகிறது. வானொலிப் பிடிக்கு எதுவும் திரும்பி வருவதில்லை. சிரிஞ்சுப் பெக்கோவில் வால்வே இல்லை. வாளி மண்ணுக்குள் கல்லைத் தொட்டதும் நீலத் தண்ணீர் குழாய் வழியே அதை அப்படியே எடுத்துவந்து பிள்ளையின் பெருவிரலில் சொல்கிறது.