திருவனந்தபுர வழக்கும் ஒரு நகைச்சுவை நடிகரும்

மலையாளத் திரைப்படத்தில் கதைத்தலைவன் பொதுவழக்கைப் பேசுவதும், துணைப்பாத்திரங்கள் வட்டார வழக்கால் சிரிப்பூட்டுவதும் நெடுங்காலம் பெருவழக்காக இருந்தன. தலைநகரின் பேச்சே பொதுமொழிக்கு அடிப்படையாவதற்குப் பாரிசும் இலண்டனும் சான்றுகள். திருவிதாங்கூருக்கும், 1956 முதல் கேரளத்துக்கும் தலைநகராக விளங்கும் திருவனந்தபுரத்தின் பேச்சுக்கு அத்தகைய மதிப்பு வாய்க்கவில்லை. அது நகைப்புக்குரியதாகவே எண்ணப்பட்டது. இந்நிலையை ஆராய நடிகர் சுராஜ் வெஞ்சாரமூடு அவர்களின் கலைவாழ்க்கை தக்க சான்றாகும்.

திருவனந்தபுரம் மாவட்டத்து வெஞ்சாரமூட்டில் 1976இல் பிறந்த இவர், பலகுரல் மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் பயின்று திரைக்கு வந்தவர். 2005இல் வெளிவந்த 'ராஜமாணிக்யம்' படத்தில் கதைத்தலைவரான மம்மூட்டி திருவனந்தபுர வழக்கில் பேசினார். அவ்வழக்கைப் பயிற்றுவித்தவர் சுராஜ். துணைப்பாத்திரங்களின் பேச்சு அப்படத்தில் தலைமைப் பாத்திரத்தின் பேச்சாயிற்று. 'என்ன' என்னும் பொருளில் வரும் 'எந்தரு', குழந்தையைக் குறிக்கும் 'அப்பி', வியப்பிடைச்சொல்லாகிய 'தள்ளே' முதலியன இவ்வழக்கின் அடையாளச் சொற்கள். இவற்றுள் 'தள்ளே' என்பது தாயைக் குறிக்கும் சொல்லின் விளிவடிவம். தமிழ் இலக்கண உரையாசிரியர்கள் 'தள்ளை' என்பதைத் தாயைக் குறிக்கும் திசைச்சொல்லாகக் காட்டியிருத்தல் இங்கு ஒப்பிடத்தக்கது. கொச்சை என்று ஒதுக்கப்பட்ட சொல் தொன்மையுடையது என்பது இதனால் புலனாகும்.

எனினும், அவ்வழக்கு சுராஜ் அவர்களுக்குத் தந்த புகழ் நகைச்சுவை என்னும் எல்லைக்குள்ளேயே நின்றது. சிறந்த நகைச்சுவை நடிகருக்கான கேரள மாநில விருதை 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளுக்கு அவர் பெற்றார். அதே 2013ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகருக்குரிய தேசிய விருதும், 'பேரறியாதவர்' படத்தில் துப்புரவுத் தொழிலாளியாக நடித்தமைக்காக, ராஜ்குமார் ராவ் அவர்களுடன் பகிர்ந்து அவருக்கு அளிக்கப்பட்டது. ஒரே ஆண்டில் ஒரு குழு அவரை நகைச்சுவையாளராகவும் மற்றொரு குழு நாட்டின் சிறந்த நடிகராகவும் கண்டது.

சிறந்த நடிகருக்கான மாநில விருது 2019ஆம் ஆண்டுக்கே கிட்டியது. அவ்விருதுக்குரிய இரு படங்களுள் ஒன்றான 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' படத்தில் அவர் ஏற்றது வடகேரளத்துப் பையன்னூர் முதியவர் பாத்திரம். பிறந்த மண்ணின் பேச்சு அவருக்குச் சிரிப்பைப் பெற்றுத் தந்தது. மாநிலத்தின் மறுகோடிப் பேச்சு பெருமதிப்பைப் பெற்றுத் தந்தது.

தமிழிலும் இதற்கு இணையுண்டு. மதுரைப் பேச்சால் சிரிப்பூட்டிய வடிவேலு, 'மாமன்னன்' (2023) படத்தில் துயரம் செறிந்த பாத்திரத்தை ஏற்றபோது பார்வையாளர் வியந்தனர். அவ்வியப்பு நடிகரைப் பற்றியது மட்டுமன்று. வட்டாரப் பேச்சுக்குத் துயரத்தைச் சுமக்கும் ஆற்றல் இல்லை என்னும் முற்கோளையும் அது வெளிப்படுத்துகிறது. சுராஜ் அவர்கள் 2025இல் 'வீர தீர சூரன்' வாயிலாகத் தமிழ்த் திரைக்கும் வந்துள்ளார். ஒரு வழக்கு திரையில் இடம்பெறுவதாலேயே அதற்கு மதிப்பு வந்துவிடுவதில்லை. அதைப் பேசும் மாந்தர் அழவும் சினக்கவும் சிந்திக்கவும் இடம்பெறும்போதே அது முழுமொழியாக ஏற்கப்படும்.