மாத்திரை, எண்ணெய், ஜெல்: டெஸ்டோஸ்டிரோன் உடலுக்குள் வந்த வழிகள்

திருநம்பிகளுக்கான ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பேசின எபிசோடுக்குப் பிறகு எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான். "அண்ணா, ஊசியிலிருந்து ஜெல்லுக்கு மாறலாமா? மாறினா இதுவரைக்கும் வந்ததெல்லாம் போயிடுமா?"

நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்க டாக்டர்கிட்டதான் கேட்கணும். ஆனா நான் வரலாறு படிச்சவன். அதோட, நானே இந்த மருந்தை மூணு விதமா எடுத்திருக்கேன். ஒவ்வொரு முறை மாத்தும்போதும் பயந்தேன். இந்த மருந்து எங்கிருந்து வந்துச்சு, யாருக்காக வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் அந்தப் பயம் குறைஞ்சது. இன்னைக்கு அந்தக் கதையைச் சொல்றேன்.

காவலர்களும் காளைகளும்

1931-ல் ஜெர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் பூட்டனான்ட் ஒரு வேலை செய்தார். பெர்லின் காவலர்களிடமிருந்து சேகரித்த 15,000 லிட்டர் சிறுநீரை வடித்து, வடித்து, கடைசியில் 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன் எடுத்தார். ஆண் ஹார்மோன் வகையில் முதலில் பிடிபட்ட பொருள் அது. ஆனால் அது நாம் தேடுகிற சரக்கு இல்லை.

அந்தச் சரக்கு கிடைத்தது 1935-ல், ஆம்ஸ்டர்டாமில். எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு 100 கிலோ காளை விதைகளிலிருந்து 10 மில்லிகிராம் படிகத்தைப் பிரித்து, அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தது. லாக்கர் ஆர்கனான் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் கம்பெனி பிறந்ததே ஒரு இறைச்சி ஆலையின் பக்கத்தில் என்பதால் காளை விதைக்குப் பஞ்சமில்லை. அதே ஆண்டு பூட்டனான்டும் சுவிட்சர்லாந்தில் லியோபோல்ட் ருஜிச்காவும் தனித்தனியாக, கொலஸ்ட்ராலிலிருந்தே இதைச் செய்யலாம் என்று காட்டிவிட்டார்கள். 1939-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இனி காளை வேண்டாம், காவலர் வேண்டாம், தொழிற்சாலையிலேயே செய்யலாம். ஆனா ஒரு சிக்கல். இதை அப்படியே விழுங்கினா வேலை செய்யாது. குடல் உறிஞ்சுற மருந்து முதல்ல ஈரலுக்குத்தான் போகும். ஈரல் டெஸ்டோஸ்டிரோனைப் பார்த்த உடனே உடைச்சுத் தள்ளிடும். ஆக 1935-லிருந்து இன்று வரைக்கும் இந்த மருந்தோட வரலாறு ஒரே கேள்வியைச் சுத்தி வருது: ஈரலை ஏமாத்தி எப்படி ரத்தத்துக்குள்ள போறது?

வேதியியலாளர்கள் கண்டுபிடித்த முதல் வழிகள் மூன்று. மூலக்கூறில் ஒரு மெத்தில் கொத்தை ஒட்டினால் ஈரலில் தப்பிக்கும்; அதை மாத்திரையாக்கினார்கள். ஒரு கொழுப்பு அமிலத்தோடு கோர்த்து எண்ணெயில் கரைத்தால் தசைக்குள் ஊசியாகப் போடலாம். மருந்தையே கட்டியாக அழுத்தி, தோலுக்கடியில் புதைத்தால் அது மாதக்கணக்கில் கரையும். 1930-களின் முடிவுக்குள் மூன்றுமே புழக்கத்துக்கு வந்துவிட்டன. மெத்தில் மாத்திரை ஈரலையே கெடுக்கும் என்பது பின்னாலதான் புரிந்தது.

மைக்கேல் டில்லன்

இந்த இடத்தில்தான் நம்ம ஆள் உள்ளே வருகிறார்.

மைக்கேல் டில்லன் 1915-ல் பிறந்தவர், அயர்லாந்துப் பிரபு குடும்பம். பிறந்தபோது பெண் என்று பதிவு செய்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், அங்கே படகோட்டினார். 1939-ல் ஜார்ஜ் ஃபாஸ் என்ற டாக்டரைத் தேடிப் போனார். ஃபாஸ் அந்த ஆண்டுகளில் டெஸ்டோஸ்டிரோனை எந்த வழியில் கொடுப்பது நல்லது என்று மருத்துவ இதழ்களில் எழுதிக்கொண்டிருந்தவர். அதிக மாதவிடாய்ப் போக்குக்கும் இதைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபாஸ் டில்லனுக்கு மாத்திரை கொடுத்தார். அதோடு ஒரு மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். அந்த மருத்துவர் விஷயத்தை வெளியே பேசிவிட்டார். வேலை செய்த இடத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. டில்லன் வேலையை விட்டு பிரிஸ்டலில் ஒரு கராஜில் சேர்ந்தார். வெளியில் போர். உள்ளே பெட்ரோல் போடுவதும் வண்டி இழுப்பதும். மாத்திரை மட்டும் நிற்கவில்லை. குரல் உடைந்தது, தாடி வந்தது. 1942-ல் மார்பக அறுவை சிகிச்சை, 1944-ல் பிறப்புப் பதிவு திருத்தம். 1946-லிருந்து 1949 வரை சர் ஹரால்ட் கில்லிஸ் 13 அறுவை சிகிச்சைகள் செய்தார். போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு முகம் செய்து கொடுத்த அதே கில்லிஸ்தான்.

இடையில் டில்லன் டப்ளினில் மருத்துவம் படித்து, தானே டாக்டர் ஆனார். 1946-ல் 'செல்ஃப்' என்று ஒரு புத்தகமும் எழுதினார். மனசை மாற்ற முடியாதென்றால் உடம்பை மனசுக்கு ஏற்ப மாற்றுவதே நியாயம் என்பது அதன் வாதம். தன்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில் நான் கவனிக்கிறது என்னன்னா, டில்லன் கையில் விழுந்த மருந்து அவருக்காகச் செய்ததில்லை. இயற்கையாச் சுரக்காத ஆண்களுக்காகச் செய்தது. வழியைத் தேர்ந்தெடுக்கிற உரிமையும் அவருக்கில்லை. டாக்டர் மேசையில என்ன இருந்துச்சோ அதுதான்.

நாலு எண்ணெய்

முதல் தலைமுறை ஊசி டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியோனேட். ஓரிரு நாளில் தீர்ந்துவிடும், வாரத்துக்கு இரண்டு மூன்று ஊசி. 1950-களின் தொடக்கத்தில் எனாந்தேட், சிபியோனேட் வந்தன. கொழுப்புச் சங்கிலி நீளமானால் மருந்து எண்ணெயை விட்டு மெதுவாக வெளியேறும், அதுதான் சூட்சுமம். இப்போது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போதும் என்றானது.

எந்த எண்ணெய்னு கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. எனாந்தேட் பெரும்பாலும் நல்லெண்ணெயில் வந்தது. சிபியோனேட் பருத்திவிதை எண்ணெயில். நாலு வகை டெஸ்டோஸ்டிரோன் கலந்த சஸ்டனான் கடலை எண்ணெயில். வேர்க்கடலை ஒவ்வாதவங்களுக்கு அது ஆகாது. கடைசியாச் சொல்லப்போற நெபிடோ விளக்கெண்ணெயில். நம்ம சமையலறை அலமாரி மாதிரி ஒரு வரிசை. ஊசி மாத்தினா உடம்பு வேற மாதிரி இருக்குன்னு சொன்னா, டாக்டர் இந்த எண்ணெயைப் பத்தியும் யோசிப்பார்.

இந்த ஊசிகளோடு வாழ்ந்து, அதை எழுதியும் வைத்தவர் லூ சல்லிவன். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1979-ல் டெஸ்டோஸ்டிரோன் தொடங்கினார். அவர் ஆண்களை நேசிக்கிற திருநம்பி. அதனாலேயே அந்தக் காலத்துப் பாலின சிகிச்சைத் திட்டங்கள் அவரை ஏற்க மறுத்தன. 1980-ல் தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு கையேடு போட்டார், 1986-ல் ஒரு குழு தொடங்கினார். டாக்டர் சொல்லாததை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்தது. 1991-ல் எய்ட்ஸால் இறந்தபோது அவருக்கு வயது 39.

அதே 1991-ல் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. தடகள வீரர்களின் ஊக்கமருந்துப் பிரச்சினையால் வந்த சட்டம் டெஸ்டோஸ்டிரோனைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக்கியது. ஓட்டப்பந்தயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அங்குள்ள திருநம்பிகளும் அந்தச் சட்டத்துக்குள்ளதான் மருந்து வாங்க வேண்டியதானது.

என் கதைக்கு வர்றேன். நானும் ஊசியிலதான் ஆரம்பிச்சேன், மூணு வாரத்துக்கு ஒண்ணு. போட்ட மூணாம் நாள் மலையைப் பேத்துடுவேன். பதினஞ்சு நாள் தாண்டினா எரிச்சல், அசதி, யார் பேசினாலும் கோபம். என் சுபாவமே இப்படி ஆயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது, அது என் சுபாவம் இல்ல, அந்த எண்ணெயோட கணக்கு. ரத்தத்துல அளவு உச்சிக்குப் போய்ச் சரியுது, நானும் கூடவே சரியுறேன். மூணாவது வருஷம் ரத்தப் பரிசோதனையில சிவப்பணு அளவு ஏறியிருந்துச்சு. இந்த வகை ஊசியில அது தெரிஞ்ச விஷயம். டாக்டர் சொன்னார், "மாத்திப் பாப்போம் தம்பி."

பட்டையும் ஜெல்லும்

தோல் வழியாக மருந்து செலுத்தும் யோசனை 1990-களில் சந்தைக்கு வந்தது. 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் டெஸ்டோஸ்டிரோன் பட்டையை எங்கே ஒட்டணும் தெரியுமா? விதைப்பையில். அங்கே தோல் மெல்லிசு, நல்லா உறிஞ்சும். மருந்தை வடிவமைத்தவர்கள் மனசில் நாம் இருந்தோமா இல்லையா என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1995-ல் முதுகிலோ தொடையிலோ ஒட்டுகிற பட்டை வந்தது. பலருக்கு ஒட்டின இடம் சிவந்து அரித்தது. 2000-ல் ஆண்ட்ரோஜெல் வந்தது. தினமும் குளித்துவிட்டுத் தோளில் தடவினால் போதும், உச்சி சரிவு இல்லை.

ஜெல்லுக்கு மாறின இரண்டாவது மாசம், நின்னு போயிருந்த மாதவிடாய் ரெண்டு நாள் வந்துச்சு. பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதேன். எல்லாம் திரும்பிப் போகுதுன்னு நினைச்சேன். டாக்டர் ரத்தம் பார்த்தார், அளவு குறைஞ்சிருந்தது. சரி பண்ணினார், நின்னுடுச்சு. குரல் போகல, தாடி போகல. உடைஞ்ச குரல் திரும்பி ஒட்டாது. உடம்புக்கு முக்கியம் ரத்தத்துல இருக்கிற அளவு. அது எந்த வாசல் வழியா வந்துச்சுன்னு உடம்பு கேட்காது.

ஆனா ஜெல்லையும் விட்டேன். காரணம் என் அக்கா மகள். அப்ப அவளுக்கு ரெண்டு வயசு, என் தோள்ல சாஞ்சாத்தான் தூங்குவா. ஜெல் தடவின தோல் படும் குழந்தைகளுக்கு அந்த மருந்து ஒட்டிக்கொண்டு, வயசுக்கு மீறின பருவ மாற்றங்கள் தெரிந்ததால் 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஜெல் பெட்டியில் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போடச் சொன்னது. சட்டை போட்டு மூடலாம், கழுவலாம். ஆனா நான் ஒவ்வொரு ராத்திரியும் அவளைத் தூக்க யோசிச்சேன். "மாமா ஏன் தூக்க மாட்டேங்கிறாரு?"ன்னு அவ அழ ஆரம்பிச்ச நாள் முடிவு பண்ணினேன்.

நாலு மில்லி

இப்போ நான் போடுறது டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் நெபிடோ என்ற பெயரில் வந்தது. 4 மில்லி விளக்கெண்ணெய்க் கரைசலில் 1000 மில்லிகிராம், ஆரம்பக் கட்டம் தாண்டினால் 10 முதல் 14 வாரத்துக்கு ஒரு முறை. இடுப்பின் பின்பக்கம், மெதுவா, மிக மெதுவா போடணும். அரிதாகச் சிலருக்கு எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய் இருமல் வரும். அதனால அமெரிக்காவில் ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பது கட்டாயம். இதுலயும் குறை உண்டு. ஒத்துக்கலைன்னா உடனே நிறுத்த முடியாது, உள்ள போனது மாசக்கணக்கில் இருக்கும். ஆனா காலண்டர்ல வருஷத்துக்கு நாலைஞ்சு வட்டம் மட்டும்தான்.

டில்லனை முடிச்சுட்டு முடிக்கிறேன். அவர் கப்பல் மருத்துவராகப் போனார். அவர் குடும்பத்துக்கு ஒரு பிரபுப் பட்டம் உண்டு. ஒரு வம்சாவளிப் புத்தகத்தில் அவர் தம்பி, இன்னொன்றில் தங்கை என்று இருந்ததைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. 1958-ல் கப்பல் அமெரிக்காவில் நின்றிருந்தபோது செய்தி வெடித்தது. அவர் இந்தியாவுக்கு ஓடி வந்தார். பௌத்தரானார், லடாக்கில் ஒரு மடத்தில் இருந்தார், லோப்சாங் ஜீவகா என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1962 மே மாதம் டல்ஹவுசியில் இறந்தார், வயது 47. சாவதற்கு முன் எழுதி முடித்த சுயசரிதை வெளிவர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அவருக்கு ஒரு வழிதான் இருந்தது, அதையும் யாரோ ஒருவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். நமக்கு மூணு நாலு வழி இருக்கு. அதில் ஒண்ணு ஒத்துக்கலைன்னா அது உங்க தோல்வி இல்ல. டாக்டர்கிட்ட போங்க, ரத்தம் பாருங்க, என்ன தோணுதோ அதை வெட்கப்படாம சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க, நண்பனோட ஊசியைப் பகிராதீங்க.

அக்கா மகளுக்கு இப்ப ஆறு வயசு. தோள்ல தூங்குற வயசு தாண்டிடுச்சு. ஆனா கேட்டா இப்பவும் தூக்குவேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.