வயிறு நிறைந்தால் போதுமா?

கருவுற்ற தாய் இரண்டு உயிருக்கும் சேர்த்து உண்ண வேண்டும் என்பார்கள். கரு வளர வளரத் தாயின் வளர்சிதை மாற்றம் விரைவடைவது உண்மையே. ஆயினும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்கு 350 கலோரிதான். இரட்டிப்பு உணவு அன்று!

அப்படியானால் எதில் கவனம் வேண்டும்? விடை நம் நாட்டு ஆய்வில் கிடைத்தது. 1928-இல் ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைத் தாய்மார் பலரின் உயிரைக் கடும் இரத்தசோகை குடித்துக்கொண்டிருந்தது. 1929-இல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவர் ஆராய்ந்தார். சத்துக் குறைந்த உணவே காரணம் எனக் கண்டு, ஈஸ்ட் சாறு கொடுத்தார், நோய் தணிந்தது. முடிவு 1931-இல் வெளியாயிற்று.

அந்தச் சத்தே ஃபோலிக் அமிலம். கீரையிலும் பயறிலும் அது உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாய்மாருக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் அது கலந்திருக்கிறது.